பந்து சோறு போடுமா?

 

வடபழனியில் நான் ஓதிக்கொடுக்கும் மாலை நேர மதரஸாவில் நடந்த ஒரு சிறு நிகழ்ச்சியை இம்மாதம் உங்கள் முன் வைக்கின்றேன். அதில் அவசரப்பட்டுத் தீர்ப்புச் சொன்னவன் நான்தான். ஆகவே பிறரைக் குறை சொல்லும் நோக்கத்தோடு இதை எழுதவில்லை.

எட்டாம் வகுப்பில் படிக்கும் மாணவி ஒருத்தி. ஓதுவதில் கெட்டிக்காரி, தஜ்வீத் பிசகாமல் ஓதுவாள். அப்படிப்பட்டவள் வாரத்தில் மூன்று நாள் அஸர் தொழுகைக்குப் பிந்திய பாடத்திற்கு அரை மணி நேரம் தாமதமாக வரத் தொடங்கினாள். முகமெல்லாம் வியர்வை, காலணியெல்லாம் புழுதி. இருமுறை எச்சரித்தேன். மூன்றாம் முறை, மற்றப் பிள்ளைகளின் முன்னிலையில் அவளை வாசலிலேயே நிற்க வைத்தேன். அவள் ஒன்றும் பேசவில்லை. தலையைக் குனிந்துகொண்டு மக்ரிப் பாங்கு வரை நின்றாள்.

மறுநாள் அவளுடைய தாயார் வந்தார். கதவோரமாக நின்றபடி அவர் கூறியது இது: "ஹஜ்ரத், பள்ளிக்கூடத்துல கூடைப்பந்து ஆடுறா. நானும் சொல்லிப் பார்த்துட்டேன், கேக்க மாட்டேங்குறா. நீங்க சொன்னா கேப்பா. பொம்பளப் புள்ளைக்கு இது என்னத்துக்கு? நாளைக்கு இந்தப் பந்து சோறு போடுமா?"

"நான் சொல்கின்றேன் அம்மா" என்று வாக்களித்துவிட்டேன்.

அன்று மாலை அந்த மாணவியை அழைத்து அவளுடைய பாடக் குறிப்பேட்டை வாங்கிப் பார்த்தேன். அட்டையின் உட்புறத்தில் ஒரு படம் ஒட்டப்பட்டிருந்தது. கையில் பந்தோடு பாய்ந்து செல்லும் ஒரு மனிதர். சட்டையின் மார்பில் நம் ஆற்காடு சாலையில் நிமிடத்திற்கு ஒன்றாய் ஓடும் காரின் பெயர். "இது என்னம்மா, கார் விளம்பரமா?" என்று கேட்டேன்.

"இல்ல ஹஜ்ரத். அது டீம் பேரு. கொரியாவுல உல்சான்னு ஒரு ஊர். அந்த ஊர் கூடைப்பந்து டீமோட பேரு ஹூண்டாய் மோபிஸ். இவர் யாங் டோங்-குன். அத்தா கொண்டாந்து குடுத்தாங்க" என்றாள்.

அவளுடைய தந்தை ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கத்தில் கார் உதிரிப்பாகத் தொழிற்சாலை ஒன்றில் பணிபுரிகின்றார். விடியுமுன் கம்பெனிப் பேருந்தில் ஏறினால் இரவு இஷா வேளைக்குத்தான் வீடு திரும்புவார். அந்தக் களைப்பிலும் மகளுக்கென்று ஒரு படத்தைத் தேடிக் கொண்டுவந்து கொடுத்திருக்கின்றார் என்றால், இதை வெறும் விளையாட்டுப் பிள்ளைத்தனம் என்று எப்படித் தள்ளுவது? "ஒரு வாரம் பொறும்மா, யோசித்துச் சொல்கின்றேன்" என்று அனுப்பிவிட்டேன்.

பந்து சோறு போடுமா? அன்புச் சகோதரிகளே, இது ஒரு தாயின் கேள்வி மட்டுமன்று. நடுத்தரக் குடும்பங்கள் அனைத்திலும் எழும் கேள்வி. இதற்கு விடை தெரியாமலேயே நான் அந்தப் பிள்ளையை வாசலில் நிறுத்தியிருந்தேன். அந்த ஒரு வாரம் நூலகத்திலும், விவரமறிந்த நண்பர்களிடமும் தேடித் திரட்டியதை உங்களுக்கும் சொல்கின்றேன்.

முதலில் இவ்விளையாட்டின் பிறப்பு. 1891ஆம் ஆண்டு டிசம்பர் மாதம், அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்திலுள்ள ஸ்பிரிங்ஃபீல்டு என்னும் நகரில், ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளி ஆசிரியர் ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்பவர் இதனை வகுத்தார். வெளியே கடுங்குளிர், உள்ளே அடங்காத இளைஞர்கள். பீச் பழக் கூடைகள் இரண்டை உயரமாக அடித்து, பந்தை அதனுள் எறியச் சொன்னார். ஆம்! முரட்டுப் பிள்ளைகளை வெறுமனே வெளியே நிறுத்தாமல், அவர்களுடைய வேகத்திற்கு ஒரு வழி அமைத்துக் கொடுத்த ஆசிரியர் ஒருவரின் கண்டுபிடிப்புத்தான் கூடைப்பந்து. இதைப் படித்தபோது எனக்குச் சற்றுச் சுருக்கென்றது.

அதே ஒய்.எம்.சி.ஏ. வழியாகத்தான் இந்த ஆட்டம் கொரியாவுக்கும் சென்றது. 1907இல் பிலிப் ஜில்லெட் என்னும் அமெரிக்கர் சியோல் நகரில் கற்றுக்கொடுத்தார். நம் சென்னைக்கு ஸ்பிரிங்ஃபீல்டில் பயின்ற ஹாரி குரோ பக் என்பவர் வந்தார். 1920இல் அவர் தொடங்கிய உடற்கல்விக் கல்லூரி இன்றும் நந்தனத்தில் இருக்கின்றது. வடபழனியிலிருந்து மெட்ரோ இரயிலில் ஏறினால் எட்டிவிடும் தொலைவு. ஆக, ஒரே ஊற்றிலிருந்து இரண்டு நாடுகளுக்கும் பாய்ந்த நீர் இது. பின்னர் அது ஓடிய வாய்க்கால்கள்தாம் வேறு வேறு.

கொரியாவில் ஆட்டக்காரர்களை வளர்த்தவை பெரிதும் வங்கிகளும் நிறுவனங்களும்தாம். பார்க் ஷின்-ஜா என்னும் பெண்மணி ஒரு வங்கியின் அணியில் ஆடியவர். 1967இல் செக்கோஸ்லோவாக்கியாவில் நடைபெற்ற உலக மகளிர் போட்டியில் அவருடைய அணி இரண்டாமிடம் பெற்றது. தோற்ற அணியைச் சேர்ந்தவராயிருந்தும் அப்போட்டியின் தலைசிறந்த வீராங்கனையாக அவரையே தேர்ந்தெடுத்தனர். இன்றும் அந்நாட்டின் தொழில்முறை மகளிர் தொடரில் ஆடும் ஆறு அணிகளில் ஐந்து, வங்கிக் குழுமங்களுக்குச் சொந்தமானவை. ஆறாவது ஓர் ஆயுள் காப்பீட்டு நிறுவனத்தினுடையது.

ஆடவர் தொடர் 1997இல் தொழில்முறையாக மாறிற்று. அதாவது, ஆடுவதே வேலை, அதற்கே ஊதியம். அந்த முதல் ஆண்டில் வாகை சூடியது கியா கார் நிறுவனத்தின் அணி. அவ்வணிதான் பின்னர் உல்சான் நகருக்கு இடம்பெயர்ந்து ஹூண்டாய் மோபிஸ் என்னும் பெயர் பெற்றது. இதுவரை 7 முறை வாகை சூடியிருக்கின்றது. அத்தொடரில் வேறெந்த அணியும் இத்தனை முறை வென்றதில்லை.

அம்மாணவியின் குறிப்பேட்டிலிருந்த யாங் டோங்-குன், 2004 முதல் 2020 வரை இந்த ஓர் அணிக்காகவே ஆடியவர். இடையில் அந்நாட்டுச் சட்டப்படி இராணுவச் சேவைக்குச் சென்று திரும்பினார். உயரம் 181 செண்டிமீட்டர். இரண்டு மீட்டர் மனிதர்கள் நிறைந்த ஆடுகளத்தில் இவர் குள்ளர். ஆயினும் 6 முறை வாகை சூடினார். 4 முறை தொடரின் தலைசிறந்த வீரராகத் தேர்வானார். ஓய்வு பெற்றபின் அவருடைய 6ஆம் எண் சட்டையை வேறு எவருக்கும் கொடுப்பதில்லை என்று அணி முடிவு செய்தது. 2025இல் அதே அணிக்குத் தலைமைப் பயிற்சியாளரானார்.

"பார்த்தீர்களா, பந்து சோறு போடுகின்றதே!" என்று சொல்லத் தோன்றுகின்றதல்லவா? சற்றுப் பொறுங்கள். அதே தொடரில் கோயாங் நகர அணியின் கதையையும் கேளுங்கள். 2022இல் அவ்வணியைப் புதிய நிறுவனம் ஒன்று விலைக்கு வாங்கியது. சில மாதங்களுக்குள் அந்நிறுவனத்தின் பணப்பெட்டி காலியாயிற்று. ஆட்டக்காரர்களுக்கு மாதக்கணக்கில் ஊதியம் வரவில்லை. ஊதியமின்றியே அவர்கள் ஆடினார்கள். அரையிறுதி வரை சென்றார்கள். ஆயினும் 2023 ஜூன் மாதம் அவ்வணி தொடரிலிருந்தே நீக்கப்பட்டது. அத்தொடரின் வரலாற்றில் அதுவே முதல் நீக்கம். பின்னர் வேறொரு நிறுவனம் முன்வந்து அவர்களை ஏற்றுக்கொண்டு புதிய அணி அமைத்தது. அந்நிறுவனம் வராதிருந்தால்? இருபது வயது முதல் பந்தைத் தவிர வேறொன்றும் அறியாத மனிதர் அந்த ஜூன் மாதத்தில் தம் வீட்டு வாடகையை எப்படிக் கொடுத்திருப்பார்?

இனி நம் ஊருக்கு வருவோம். நம் நாட்டிலும் 2015இல் யு.பி.ஏ. என்றொரு தொழில்முறைத் தொடர் தொடங்கிற்று. சென்னை ஸ்லாம் என்று நம் நகரின் பெயரிலும் ஓர் அணி இருந்தது. 2017ஆம் ஆண்டோடு அத்தொடர் நின்றுபோயிற்று. அப்படியிருந்தும் சென்னையில் கூடைப்பந்து நிற்கவில்லை. ஏன்? இங்கே அதைத் தாங்கி நின்றவை வேறு தூண்கள். இந்தியன் வங்கி, இந்தியன் ஓவர்சீஸ் வங்கி, பெரம்பூர் இரயில் பெட்டித் தொழிற்சாலை, தென்னக இரயில்வே ஆகியவை ஆட்டக்காரர்களுக்கு வேலை கொடுத்தன. இங்கே ஆட்டக்காரர் முதலில் ஊழியர். அதன் பிறகே அணி வீரர்.

இவ்வேறுபாட்டின் பொருளை எனக்கு விளக்கியவர் என் கல்லூரித் தோழர். நான் கலைப் பட்டப்படிப்புப் படித்த நாட்களில் என்னோடு ஒரே பெஞ்சில் அமர்ந்தவர். பின்னர் ஒரு வங்கி அணியில் பன்னிரண்டு ஆண்டுகள் ஆடியவர். இப்போது அவ்வங்கியின் கிளை ஒன்றில் மேசையின் பின்னால் அமர்ந்து கடன் விண்ணப்பங்களைச் சரிபார்க்கின்றார். அவரைத் தேடிச் சென்று, "பந்து சோறு போட்டதா?" என்றே கேட்டேன். சிரித்துக்கொண்டே முழங்காலைத் தடவிக் காட்டினார்.

"முப்பத்திநாலு வயசுல இந்த முட்டி போயிருச்சுப்பா. டாக்டர் இனிமே குதிக்கக் கூடாதுன்னுட்டார். மறுநாள் காலையில பத்து மணிக்கு எனக்கு உக்கார ஒரு நாற்காலி இருந்தது. அந்த நாற்காலியைப் பந்து வாங்கிக் குடுத்தது. ஆனா நான் பட்டம் வாங்கியிருந்ததாலதான் அந்த நாற்காலியில உக்காந்து பதவி உயர்வும் வாங்க முடிஞ்சது. என்கூட ஆடினவங்கள்ள படிப்பை விட்டவங்களும் இருக்காங்க. அவங்க கதையைக் கேக்காதே."

பிறகு அவர் குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "முன்ன மாதிரி வேலையும் இப்போ நிறைய இல்ல. நூறு பேர் ஆடினா ரெண்டு மூணு பேருக்குக் கிடைக்கும். அதை மறைக்காம அந்த அம்மாகிட்ட சொல்லிடு."

மறைக்காமல் உங்களிடமும் சொல்லிவிட்டேன். தமிழ்நாட்டு அரசுப் பணிகளில் விளையாட்டு வீரர்களுக்கென்று 3 விழுக்காடு ஒதுக்கீடு உண்டு. தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் விளையாட்டு விடுதிகள் உண்டு. ஆனால் அவற்றின் வாயில்கள் குறுகலானவை. பந்தை மட்டும் கையில் வைத்துக்கொண்டு அவற்றினுள் நுழைந்துவிடலாம் என்று எவரும் பிள்ளைகளுக்கு ஆசை காட்டக் கூடாது.

அந்தக் குறுகிய வாயிலினுள் நுழைந்தவர்களில் ஒருவரைச் சொல்கின்றேன். அனிதா பால்துரை, 1985இல் சென்னையில் பிறந்தவர். 19ஆம் வயதில் இந்திய மகளிர் அணிக்குத் தலைமை ஏற்றார். தென்னக இரயில்வேயில் பணி. ஏறத்தாழ 18 ஆண்டுகள் நாட்டுக்காக ஆடினார். தாயான பின்பும் ஆடுகளத்திற்குத் திரும்பி வந்தார். 2017இல் பெங்களூரில் நடந்த ஆசியக் கோப்பையின் இரண்டாம் பிரிவில் இந்திய மகளிர் வாகை சூடியபோது அவ்வணியில் இருந்தார். 2021இல் அவருக்கு பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. ஆடவரில் இந்திய அணிக்குத் தலைமை தாங்கிய முயின் பெக் ஹபீஸும் நம் தமிழ்நாட்டுப் பிள்ளைதான்.

"அதெல்லாம் சரி, நம் வீட்டுப் பெண் பிள்ளையின் உடை?" என்று நீங்கள் கேட்பது என் காதில் விழுகின்றது. அந்தத் தாயின் உள்ளத்திலும் சோற்றுக் கேள்விக்குப் பின்னால் மறைந்து நின்றது இந்தக் கேள்விதான் என்பதை நான் பிறகே உணர்ந்தேன்.

2014இல் அதே கொரியாவின் இஞ்சியோன் நகரில் ஆசிய விளையாட்டுப் போட்டி நடந்தது. கத்தார் நாட்டு மகளிர் கூடைப்பந்து அணியினர் மங்கோலியாவை எதிர்த்து ஆட வந்தனர். தலைத்துணியைக் கழற்றினால்தான் ஆடலாம் என்று நடுவர்கள் கூறினர். உலகக் கூடைப்பந்துச் சம்மேளனத்தின் அன்றைய விதி அது. அப்பெண்கள் கழற்ற மறுத்தனர். ஆடாமலேயே தோற்றதாக அறிவிக்கப்பட்டனர். அதே போட்டியில் கொரியாவின் ஆடவரும் மகளிரும் தங்கம் வென்றனர். வென்ற ஆடவர் அணியில் நம் மாணவியின் யாங் டோங்-குனும் ஒருவர்.

அமெரிக்காவில் பில்கிஸ் அப்துல் காதிர் என்றொரு பெண். கூடைப்பந்து பிறந்த அதே ஸ்பிரிங்ஃபீல்டு நகரில் பிறந்தவர். பள்ளி நாட்களில் தலைத்துணியோடு ஆடி 3,070 புள்ளிகள் குவித்து மாநிலச் சாதனை படைத்தார். பல்கலைக்கழக அணிகளிலும் அவ்வாறே ஆடினார். தொழில்முறையாக வெளிநாடு சென்று ஆட விரும்பியபோது அதே விதி குறுக்கே நின்றது. அவர் தலைத்துணியை விடவில்லை. தொழில்முறை ஆட்டத்தைத்தான் விட்டார். ஆனால் வாளாவிருக்கவில்லை, விதியை மாற்றக் கோரிப் பலரோடு சேர்ந்து குரல் கொடுத்தார். 2017 மே மாதம் சம்மேளனம் விதியை மாற்ற இசைந்தது. அவ்வாண்டு அக்டோபர் முதல் நாளிலிருந்து தலைத்துணியோடு ஆடுவது முறையான ஆட்டமாயிற்று. அவருடைய சொந்த ஆட்ட வாழ்வுக்கு அது காலங்கடந்து வந்த நீதி. நம் பிள்ளைகளுக்கோ காலத்தில் வந்த நீதி.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அன்னை ஆயிஷா (ரலி) அவர்களோடு ஓட்டப்பந்தயம் ஓடினார்கள் என்னும் செய்தியை மதரஸாவில் ஆண்டுதோறும் நான் சொல்லிக்கொடுக்கின்றேன். சொல்லிக்கொடுக்கும் போதெல்லாம் பிள்ளைகள் சிரிப்பார்கள், நானும் சிரிப்பேன். ஆனால் ஓடிவிட்டு வியர்வையோடு வந்து நின்ற ஒரு பிள்ளையை வாசலில் நிறுத்தும்போது மட்டும் அது என் நினைவிற்கு வரவில்லையே! பாடம் சொல்பவனுக்கே பாடம் மறந்துபோவது எவ்வளவு எளிது, பாருங்கள்.

ஒரு வாரம் கழித்து ஞாயிற்றுக்கிழமை, பெற்றோர் இருவரையும் அழைத்தேன். தெரிந்ததையெல்லாம் கூட்டாமல் குறைக்காமல் கூறினேன். "பந்து மட்டும் சோறு போடும் என்று நான் சொல்ல மாட்டேன் அம்மா. பந்தோடு பட்டமும் இருந்தால், அல்லாஹ் நாடினால், ஒரு வழி திறக்கலாம், திறக்காமலும் போகலாம். ஆனால் சோறு போடாத எல்லாவற்றையும் நாம் நிறுத்திவிடுகின்றோமா? இந்த வயதில் உடல் உறுதியும், தோற்றால் எழுந்து நிற்கும் மனமும் பிள்ளைக்குக் கிடைக்கின்றன. அவை பிறகு கடையில் விலைக்குக் கிடைப்பவையல்ல" என்றேன்.

தந்தை மகிழ்ச்சியை மறைத்துக்கொண்டு தரையைப் பார்த்தார். தாயார் நெடுநேரம் பேசவில்லை. பின்னர், "அப்போ ஓதுறது ஹஜ்ரத்?" என்று கேட்டார். நியாயமான கேள்வி.

பயிற்சியுள்ள அந்த மூன்று நாட்களிலும் மக்ரிபுக்குப் பிறகு எங்கள் வீட்டில் என் மனைவி அவளுக்கு ஓதிக்கொடுப்பது என்று முடிவாயிற்று. தலைத்துணி, முழுக்கைச் சட்டை, கணுக்கால் வரை நீண்ட காற்சட்டை ஆகியவற்றோடு ஆட வேண்டும். வகுப்புத் தேர்வில் மதிப்பெண் குறைந்தால் பயிற்சியும் குறையும். எந்தக் காரணத்திற்காகவும் தொழுகை தவறக் கூடாது. இந்நிபந்தனைகளை அவளே தன் குறிப்பேட்டில், அந்தப் படத்திற்கு எதிர்ப்பக்கத்தில், எழுதிக் கையெழுத்திட்டாள். மறுநாள் மற்றப் பிள்ளைகளின் முன்னிலையில், "அன்று உன்னை வாசலில் நிறுத்தியது என் தவறு" என்று நானும் கூறினேன். எல்லார் முன்பும் செய்த பிழையைத் தனியே அழைத்து ஒப்புக்கொள்வது போதாதல்லவா?

இப்போது ஐந்து மாதங்கள் ஆகின்றன. சென்ற மாதம் மாவட்ட அணிக்கான தேர்வு நடந்தது. பன்னிரண்டு பேரைத் தேர்ந்தெடுத்தார்கள். நம் மாணவிக்கு இடம் கிடைக்கவில்லை. அன்று மாலை அவள் வரமாட்டாள் என்றே நினைத்தோம். மக்ரிப் முடிந்ததும் வந்தாள். கண்கள் சற்றே சிவந்திருந்தன. என் மனைவி ஒன்றும் கேட்கவில்லை. அவள் தபாரக் சூராவைத் தொடக்கத்திலிருந்து இறுதி வரை, ஓரிடத்திலும் தடுக்காமல், மனப்பாடமாக ஒப்பித்தாள். புறப்படும்போது, "அடுத்த வருஷமும் செலக்ஷன் இருக்கு ஹஜ்ரத்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அன்புச் சகோதரிகளே, சகோதரர்களே! உங்கள் வீட்டுப் பிள்ளையும் ஒருநாள் வியர்வையோடும் புழுதியோடும் தாமதமாக வந்து வாசலில் நிற்கலாம். கோபம் வருவது இயல்பே. ஆனால் "எங்கே போயிருந்தாய்?" என்று அதட்டும் முன், அப்பிள்ளையின் குறிப்பேட்டு அட்டையின் உட்புறத்தை ஒருமுறை திறந்து பாருங்கள். அங்கே ஒட்டியிருப்பது என்னவென்று பிள்ளையிடமே கேளுங்கள். விடையை முழுதும் கேட்டபின் கண்டிக்க வேண்டுமானால் கண்டியுங்கள். நேரத்தை மாற்றிக்கொடுக்க முடியுமானால் மாற்றிக்கொடுங்கள்.

நம் பிள்ளைகளுக்கு நல்லறிவையும் நல்லுடலையும் ஒருசேரத் தருவானாக என்று வல்ல நாயனிடம் இறைஞ்சுகின்றேன். இன்ஷா அல்லாஹ், அடுத்த மாதம் சந்திப்போம். வஸ்ஸலாம்.